துவிச்சக்கரவண்டியின் கைபிடி – ஒரு வரலாற்று நோக்கு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் இயக்கத்தையே முதன்மைப்படுத்துவர். நீராவி இயந்திரமாயின் கொதிகலனையும், துவிச்சக்கரவண்டியாயின் சில்லையும் சங்கிலியையும் பற்றி ஏடுகள் நிரம்பும். அக்கருவியை மனித உடல் எங்கே தொடுகின்றது, தொடுமிடத்தில் உடலுக்கு யாது நேர்கின்றது என வினவுவோர் அரியர். துவிச்சக்கரவண்டியை அதனை ஓட்டுபவரின் உடல் மூன்று இடங்களிலேயே தொடுகின்றது: ஆசனம், மிதி, கைபிடி. கடைக்காரர் 'ஹாண்டில்' என வழங்கும் அவ்வளைந்த குழாயே ஈண்டு நம் ஆய்வுப் பொருளாகும்.

கைபிடி என்ற பெயரைக் கேட்டோர், கைக்கு ஏற்றவாறே அது வடிவமைக்கப்பட்டிருத்தல் வேண்டும் என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் பெருமளவுக்குத் தவறானது. அதன் வடிவத்தைத் தீர்மானித்தவற்றுள் ஒன்று வண்டியை நிறுத்தும் பிறேக். மற்றொன்று ஓட்டுபவர் பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றவேண்டும் என்ற மானவுணர்வு. கையின் சுகம் இவ்விரண்டுக்கும் பின்னரே எண்ணப்பட்டது. இக்கருத்து நூலகத்தில் எனக்குத் தோன்றியதன்று. கிராண்ட்பாஸிலுள்ள எமது ஒழுங்கையின் முனையில், ஒரு சைக்கிள் திருத்தும் கடையின் வாசலிலே தோன்றியது.

கிராண்ட்பாஸ் என்பதே போக்குவரத்தினாற் பிறந்த பெயர். களனி கங்கையைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் இட்ட பெயரின் திரிபு இது என்பர். அயலிலுள்ள தொட்டலங்க என்ற சிங்களப் பெயரும் தோணித்துறைக்கு அண்மையான இடம் என்றே பொருள்படும். 1822 ஆம் ஆண்டில் ஆற்றின் குறுக்கே படகுகளைப் பிணைத்து ஒரு மிதவைப் பாலம் அமைக்கப்பட்டது. 1895 இல் விக்டோரியாப் பாலம் அதனிடத்தைப் பெற்றது. 1899 இல் கொழும்பில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கியபோது அதன் இரு பாதைகளுள் ஒன்று பொறளைக்கும் மற்றது கிராண்ட்பாஸுக்குமாக அமைந்தன. அந்த ட்ராமும் 1960 இல் ஓய்ந்தது. கடப்பதற்கென்றே பெயர்பெற்ற இவ்வூர் 2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அசைய வழியின்றி நின்றது. ஜூன் 26 ஆந் திகதி 92 ஒக்ரேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 470 ரூபாவாக உயர்ந்தது. அவ்விலைக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. அடுத்த சில நாள்களில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றி எரிபொருள் வழங்கப்படமாட்டாது என அரசு அறிவித்தது. மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் இரவு பகலாக வரிசையில் நின்றன. நகரத்தார் பலர் துவிச்சக்கரவண்டியை நாடினர். இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் முன்னரே விலை ஏறியிருந்த வண்டிகள், இப்போது பழையனவும் அரியனவாயின.

புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபார நிலையத்திற் கணக்கெழுதும் என் தந்தையாரும் அவ்வாறே ஒரு பழைய வண்டியை வாங்கினார். 'மவுண்டன்' சைக்கிள் எனப்படும் வகை அது. தடித்த ரயர்களையும், ஏறத்தாழ நேர்க்கோடாக அமைந்த கைபிடியையும் உடையது. முதற் கிழமையில் அவர் மகிழ்ந்தார். மூன்றாங் கிழமையில் சுண்டுவிரலும் அதனை அடுத்த விரலும் மரத்துப்போவதாகக் கூறினார். பின்னர் பேரேட்டிலே எழுதும்போது பேனாவை அடிக்கடி கீழே வைக்க நேரிட்டது. கணக்கெழுதி வாழ்பவருக்கு இது சிறு துன்பமன்று. அவர் இதனை வயதின் குற்றமென எண்ணினார். நானோ வண்டியைச் சந்தேகித்தேன்.

அச்சந்தேகத்துக்குக் காரணமுண்டு. உள்ளங்கையின் வெளிப்புற அடியிலே, எலும்புகளுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய வழியொன்றினூடாகச் செல்லும் நரம்பே சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் ஒரு பாதிக்கும் உணர்ச்சியை அளிக்கின்றது. நேரான தண்டைப் பற்றி முன்சாய்ந்து ஓட்டுபவரின் மேலுடற் பாரத்தில் ஒரு பங்கு அவ்விடத்திலே இறங்குகின்றது. குன்றும் குழியுமான வீதியின் அதிர்வும் அதனோடு சேர்கின்றது. துவிச்சக்கரவண்டி ஓட்டுவோருக்கு இந்நரம்பு நோய் உண்டாவதை மருத்துவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டிருந்தனர். ஆகவே நோயும் பழையது; நோய்க்குக் காரணமும் பழையது. பின் ஏன் அக்கைபிடி அவ்வாறு இருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை காண நாம் இரு நூற்றாண்டுகள் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

1817 ஆம் ஆண்டு ஜேர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் வொன் டிரைஸ் என்பார் இரு சில்லுகளையுடைய மர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். மிதி அற்ற அவ்வண்டியைக் கால்களால் நிலத்தை உந்தியே செலுத்தவேண்டும். அதில் முன்சில்லைத் திருப்ப ஒரு தண்டு இருந்தது. அதற்கு அணித்தாக முன்னங்கைகளைச் சாய்த்துக்கொள்ள மெத்தையிட்ட பலகையொன்றும் இருந்தது. துவிச்சக்கரவண்டியின் முதல் மூதாதையிலே கைக்கு மெத்தை இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்வந்தோர் அதனைக் கைவிட்டனர்.

1860களில் பாரிஸில் மிஷோ குடும்பத்தாரின் பட்டறையிலிருந்து முன்சில்லில் மிதி பொருத்திய வண்டிகள் வெளிவந்தன. அவற்றில் கைபிடியானது திருப்புவதற்கு மாத்திரம் பயன்படவில்லை. கைபிடித் தண்டை முறுக்கினால் ஒரு கயிறு இழுபட்டு, பின்சில்லிலே ஒரு கட்டை அழுந்தி வண்டி நிற்கும். கைபிடிக்கும் பிறேக்குக்கும் இடையிலான பிணைப்பு இவ்விடத்தே தொடங்குகின்றது. முறுக்கப்படவேண்டிய தண்டு நேராகவே இருத்தல் வேண்டும் அல்லவா? வளைந்த குழாயை முறுக்கவியலாது. கை எவ்வாறு அமைய விரும்பியது என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அடுத்து வந்த பெருஞ்சில்லு வண்டியின் கதை இன்னும் கடுமையானது. முன்சில்லு ஓர் ஆளின் மார்பளவு உயரமாகவும் பின்சில்லு மிகச் சிறியதாகவும் அமைந்த அவ்வண்டியில், கல்லொன்று தடுத்தால் ஓட்டுபவர் தலைகுப்புற வீழ்வார். அவ்வாறு வீழும்போது தொடைகளின் மேலாகச் செல்லும் கைபிடி கால்களைச் சிறைப்பிடித்துக்கொள்ளும். இதனை உணர்ந்த சிலர் கைபிடியைக் கால்களுக்குப் பின்புறமாக வளைத்துக் கொண்டுசெல்லும் ஒரு முறையை 1880களில் இங்கிலாந்திற் கையாண்டனர். 'வற்றன்' கைபிடி என அது பெயர்பெற்றது. வீழ்ந்தாலும் காலூன்றி வீழலாம் என்பதே அதன் பயன். உடலைக் கருதிக் கைபிடியை மாற்றிய தொடக்க முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் அது சுகத்திற்கான மாற்றமன்று, உயிருக்கான மாற்றம்.

1885 இல் கொவன்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்டாலி வெளியிட்ட 'றோவர்' வண்டி, சம அளவுக்கு அண்மித்த இரு சில்லுகளையும் பின்சில்லை இயக்கும் சங்கிலியையும் கொண்டிருந்தது. 1888 இல் டன்லொப் காற்றடைத்த ரயரை அமைத்தார். இவற்றைப் பாடநூல்களும் கூறுவதால் விரிக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கூறவேண்டும். இருக்கை தாழ்ந்து, வீழ்ச்சியின் அச்சம் நீங்கியவுடனேதான் கைபிடியை எவ்வுயரத்திலும் எவ்வடிவிலும் வைக்கலாம் என்ற சுதந்திரம் முதன்முறையாகப் பிறந்தது. அச்சுதந்திரத்தை 1890களின் மக்கள் எவ்வாறு பயன்படுத்தினர்? இளைஞர் கைபிடியைத் தாழ்த்தி, முதுகை வில்லாக வளைத்து, வீதிகளிற் பறந்தனர். மருத்துவர்கள் கூன்முதுகு நோய் வருமென எச்சரித்தனர், பத்திரிகைகள் நகையாடின. மதிப்புக்குரியோர் எனத் தம்மைக் கருதியோர் கைபிடியை உயர்த்தி நிமிர்ந்து அமர்ந்தனர். பெண்களுக்கோ நிமிர்ந்து அமர்தலே ஒழுக்கமென விதிக்கப்பட்டது. இவ்வாறு குழாயின் ஒரு வளைவு, ஓட்டுபவர் எத்தகையவர் என்பதை வீதிக்கு அறிவிக்கும் அடையாளமாயிற்று.

பந்தய வீரருள்ளும் உடலுக்கேற்பக் கைபிடியை அமைத்தவர் உளர். 1899 இல் மொன்றியலில் உலகப் பட்டம் வென்ற கறுப்பின அமெரிக்கரான மேஜர் டெயிலர், கைபிடியை முன்னே நீட்டிப் பொருத்தத்தக்க கழுத்துப் பகுதியொன்றைப் பயன்படுத்தினார். அவ்வமைப்பு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நிறவெறி பல பந்தயக் களங்களின் வாயிலை அவருக்கு அடைத்தது. தம் வண்டியின் அளவையாயினும் அவர் தாமே தீர்மானித்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரித்தானியப் பேரரசின் குடியேற்ற நாடுகளுக்கு வந்து சேர்ந்த வண்டி பந்தய வண்டியன்று; 'றோட்ஸ்ரர்' எனப்பட்ட கனத்த கறுப்பு வண்டியே. 1888 இல் நொற்றிங்காமில் பிராங் பௌடன் நிறுவிய றலி நிறுவனமும் அதனையொத்த பிறவும் அவ்வண்டியை உலகெங்கும் அனுப்பின. குடியேற்றக் கால இலங்கையில் இத்தகைய அன்றாட இயந்திரங்கள் பெற்ற இடத்தைப் பேராசிரியை நிரா விக்கிரமசிங்க 2014 இல் வெளிவந்த தமது நூலில் ஆராய்ந்துள்ளார். இந்தியா விடுதலை பெற்றபின் 1949 இல் சென்னையில் ரி.ஐ. சைக்கிள் நிறுவனமும், 1951 இல் சோனிப்பட்டில் அற்லஸ் நிறுவனமும், 1956 இல் லூதியானாவில் ஹீரோ நிறுவனமும் தோன்றின. அவையும் அதே வடிவத்தையே பல்லாண்டுகள் வார்த்தன. கைபிடி முதலில் சற்று முன்சென்று, பின்னர் இரு புறமும் ஓட்டுபவரை நோக்கித் திரும்பி வரும். கைகள், நடக்கும்போது இருப்பதுபோல, உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்க அமையும். மணிக்கட்டு முறுகுவதில்லை. முதுகு நிமிர்ந்திருக்கும். 'நோர்த் றோட்' கைபிடி என்பது அவ்வளைவின் பெயர். இங்கிலாந்தின் வடதிசை நெடுஞ்சாலையில் விரைந்தோடிய கழகத்தாரை நினைவூட்டும் அப்பெயர், ஆசிரியரும் தபாற்காரரும் ஆறுதலாக மிதித்த வண்டிக்கு வந்து சேர்ந்தது விந்தையே.

இவ்வளவு சுகமான கைபிடியை அவ்வண்டிகளுக்கு அளித்த பின்னரும், அதனை மாற்றும் உரிமையை அளிக்கவில்லை. காரணம் கம்பி பிறேக். கைபிடியின் கீழாகவே வளைந்து செல்லும் உருக்குக் கம்பிகள், பல மூட்டுகளால் இணைக்கப்பட்டு, முன்சில்லையும் பின்சில்லையும் சென்றடையும். அக்கம்பிகளைத் தாங்கும் காதுகள் கைபிடியிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கைபிடியை ஓர் அங்குலம் உயர்த்தினாற்கூடக் கம்பிகளை மீள அளந்து பூட்டவேண்டும். வேறு வளைவுள்ள கைபிடியைப் பூட்டினாலோ பிறேக் முழுவதையுமே கழற்றி எறிய வேண்டியதுதான். உயரமானவரும் குள்ளரும், நீண்ட கையரும் குறுங்கையரும் தொழிற்சாலை விதித்த ஒரே இருப்பிலேயே ஓட்டினர். அவ்விருப்பு பெரும்பாலோருக்கு இசைந்தது என்பது நற்பேறு.

இப்பிணைப்பை அறுக்கும் கருவி உண்மையில் மிக முன்னரே பிறந்துவிட்டது. 1896 இல் ஏர்னஸ்ற் மொனிங்ரன் பௌடன் என்பார் வளையும் உறையினுள்ளே ஓடும் கம்பிவடத்துக்கு உரிமம் பெற்றார். (றலியை நிறுவிய பௌடன் வேறொருவர், பெயரொற்றுமையால் இருவரையும் ஒருவரெனக் கொள்வோர் உளர்.) கேபிள் என நாம் வழங்கும் அது எவ்வளைவிலும் திரும்பிச் செல்லும், கைபிடி எங்கிருப்பினும் அதற்குக் கவலையில்லை. கேபிளாலேயே கைபிடி பிறேக்கிடமிருந்து விடுதலை பெற்றது எனலாம். ஆயினும் கம்பி பிறேக் உறுதியானது, மழைக்கும் தூசுக்கும் தாங்குவது, எவ்வூர்க் கொல்லரும் திருத்தத்தக்கது. ஆகவே நமது நாடுகளில் அது மேலும் பல தலைமுறைகள் நிலைத்தது.

கேபிள் பிறேக்கோடு நம்மிடம் பரவலாக வந்து சேர்ந்த வண்டியே என் தந்தையாரின் விரலை மரக்கச் செய்தது. அதன் பிறப்பும் சுவையானது. 1970களில் கலிபோர்னியாவின் மாரின் பகுதியில் சில இளைஞர் 1930களின் பழைய கனத்த வண்டிகளைத் தேடியெடுத்து, மலைச்சரிவுகளில் உருட்டி விளையாடினர். பழைய கைபிடியைக் கழற்றிவிட்டு, அகன்ற கைபிடியையும் மோட்டார் சைக்கிளின் பிறேக் நெம்புகளையும் பூட்டினர். 1979 இல் கரி பிஷரும் சார்ளி கெலியும் அத்தகைய வண்டிகளை விற்கும் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கினர். தம் தேவைக்கேற்பக் கைபிடியை மாற்றிக்கொண்டோரின் படைப்பு அது. மலைச்சரிவில் எழுந்து நின்று, உடலைப் பின்தள்ளி இறங்குவோருக்கு அகன்ற நேர்த்தண்டு பொருத்தமானதே. அவர் அதன்மீது பாரத்தைச் சாய்த்துக்கொண்டு ஒரு மணிநேரம் அமர்ந்திருப்பதில்லை. ஆனால் அவ்வடிவம் மலையை விட்டுப் பிரிந்து, மலிவான உருக்கிலே வார்க்கப்பட்டு, ஆசிய நகரங்களின் சந்தைகளை நிரப்பியபோது, இளமையின் சின்னமாக விற்பனையாயிற்று. பாட்டனின் கறுப்பு வண்டி பழமை எனப்பட்டது. பின்வளைந்த கைபிடி, கூடை பூட்டிய பெண்கள் வண்டிகளிலேயே பெரிதும் எஞ்சியது. ஆதலால் கொழும்பிற் கடைப் பேச்சில் அதற்கு 'லேடீஸ் ஹாண்டில்' என்ற பெயரும் ஏற்பட்டது.

இப்பெயர்தான் எம்மை மூன்று வாரம் தாமதப்படுத்தியது. ஒழுங்கை முனையில் திருத்தும் கடை வைத்திருக்கும் முதியவரை யாவரும் நானா என்போம். (நகரின் சிங்கள மக்கள் கைவினைஞரை 'பாஸ்' என்பர், அச்சொல் ஒல்லாந்தர் தந்தது. கிராண்ட்பாஸின் பாஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.) தந்தையாரின் கையைப் பார்த்தவுடனேயே அவர் வளைந்த ஹாண்டில் போடச் சொன்னார். தந்தையார் சிரித்துவிட்டு, "லேடீஸ் ஹாண்டிலப் போட்டுக்கொண்டு நான் பெட்டாவுக்குப் போறதா?" என்றார். நானா வற்புறுத்தவில்லை. அன்றிரவும் தந்தையார் கையை உதறிக்கொண்டே உறங்கினார். வலியினும் பெயர் பெரிதாயிருந்தது. எனக்குச் சினமும் வந்தது. அவ்வளைவில் இழிவு என்ன என்று கேட்டேன். அவர் விடை கூறவில்லை.

பின்னொரு நாள் நானாவே தீர்த்துவைத்தார். "லேடீஸ் ஹாண்டில் இல்ல சேர், எங்கட வாப்பா ஓடின றலியிலயும் இதே வளைவுதான்" என்றார். என் பாட்டனாரும் அத்தகைய வண்டியிலேயே வேலைக்குச் சென்றவர். தந்தையார் சற்றுநேரம் பேசாதிருந்து, விலை என்னவென்று வினவினார். ஒரே குழாய், ஒரு பெயரில் வெட்கமும் மறு பெயரில் பெருமையும்!

டாம் வீதியில் வரிசையாக உள்ள சைக்கிள் கடைகளுள் ஒன்றிலிருந்து கைபிடியை நானாவே வாங்கிவந்தார். வேலை நடந்த விதத்தைக் குறிப்பிடுதல் தகும். ஏனெனின் மேலே கூறிய வரலாறு முழுவதும் அவ்வொரு மணிநேரத்தில் என் கண்முன் நிகழ்ந்தது. முதலிற் பழைய குழாயின் நடுப்பகுதியை அளந்தார். கழுத்துப் பூட்டு 25.4 மில்லிமீற்றர், அதாவது ஓர் அங்குலம், புதியதும் அவ்வளவே. அளவு பிசகினால் இறுக்கினும் வழுக்கும் என்றார். கிரிப் உறைகளின் கீழே சவர்க்கார நீரை விட்டு உருவினார். கழுத்தின் தலையிலுள்ள ஆணியை மூன்று சுற்றுத் தளர்த்தி, மரக்கட்டையை வைத்து ஓர் அடி அடித்தார். உள்ளேயிருந்த ஆப்பு விலகிக் கழுத்து எழும்பியது. இரு விரலளவு உயர்த்தியவர், குழாயிற் பொறித்திருந்த கோட்டைக் காட்டி, அதற்குமேல் எழுப்பினால் ஒருநாள் கையோடு வந்துவிடும் என எச்சரித்தார்.

புதிய கைபிடியைப் பூட்டிய பின்னரே சிக்கல் தெரிந்தது. கேபிள்கள் எட்டவில்லை. நேர்த்தண்டுக்கென வெட்டப்பட்டவை உயர்ந்து பின்வந்த கைபிடிக்குக் குறுகிப்போயின. கைபிடியைத் திருப்பினால் பின் பிறேக் தானே இறுகியது. நூற்றாண்டுக்கு முன் கேபிளால் விடுதலை பெற்ற கைபிடிக்கும் அவ்விடுதலை கேபிளின் நீளமளவே. மறுநாள் நீண்ட கேபிள்கள் வந்தன.

மாற்றம் குறையற்றதென்று கூறமாட்டேன். உடல் நிமிர்ந்ததால் பாரம் ஆசனத்துக்கு இறங்கியது. அதன் ஒடுங்கிய ஆசனம் உறுத்தியது. கூர்மையாகத் திருப்பும்போது கைபிடியின் நுனி முழங்காலைத் தொட்டது. புதுக்கடை மேட்டில் எழுந்து நின்று மிதிப்பதற்கு வளைவு இடந்தரவில்லை. தந்தையார் அவ்விடத்தில் இறங்கி உருட்டிச் சென்றார். கடற்காற்று எதிரே வீசும் பிற்பகலில் மார்பு பாய்போலக் காற்றை வாங்கியது. ஆனால் சுண்டுவிரலின் மரப்புச் சில வாரங்களிற் குறைந்து, ஆண்டு முடிவதற்குள் மறைந்தது. பேரேட்டின் எழுத்தும் பழைய ஒழுங்குக்கு வந்தது.

ஜூலையில் அறிமுகமான கியூ.ஆர். அட்டை முறையால் வரிசைகள் மெல்லக் குறைந்தன. தந்தையாரின் மோட்டார் சைக்கிள் மீண்டும் வீதிக்கு வந்தது. துவிச்சக்கரவண்டியை இப்போது பெரும்பாலும் நானே ஓட்டுகின்றேன். அது லேடீஸ் ஹாண்டிலா றலி ஹாண்டிலா என்று என்னிடம் எவரும் கேட்பதில்லை. கழற்றிய நேர்த்தண்டு நானாவின் கடைக்கூரையில் சில மாதங்கள் தொங்கிற்று. பின் ஒருநாள் பாடசாலை மாணவனொருவன் தன் பாட்டனின் பழைய கறுப்பு வண்டியை உருட்டிக்கொண்டு வந்து, அந்தத் தண்டைப் பூட்டித் தருமாறு கேட்டானாம். கம்பி பிறேக்கைக் கழற்ற வேண்டிவரும் என நானா கூறியும் அவன் கேட்கவில்லை.